திணையும் நிலப்படமும்: வில்லியனூர், வாகூர்ப் பகுதிகளைக் கொண்டு ஓர் ஆய்வு

தோற்றுவாய்

தமிழ் பயிலும் மாணவர்க்கு ஐந்திணை கற்பிக்கப்படும்போது கரும்பலகையில் தமிழகத்தின் படமொன்று வரையப்படுதல் பெருவழக்கு. மேற்கே நிற்கும் மலைத்தொடருக்குக் குறிஞ்சி என்றும், அதனையடுத்த காட்டிற்கு முல்லை என்றும், ஆற்றுப்படுகைக்கு மருதம் என்றும், கடற்கரைக்கு நெய்தல் என்றும் பெயரிட்டு, எஞ்சிய வறண்ட பகுதியில் பாலை என்று எழுதிப் படத்தை நிறைவு செய்வர். அண்மைக் காலத்தில் இப்படத்தின்மேல் மற்றொரு பெருமையும் ஏற்றப்பட்டுள்ளது. ஒரு நாட்டின் நிலத்தைச் சூழலியல் மண்டலங்களாகப் பகுத்த உலகின் முதல் முயற்சி தொல்காப்பியரின் திணைப்பகுப்பே என்பது அப்பெருமை. கருத்தரங்குகளிலும் ஆய்வேடுகளிலும் இக்கூற்றுச் சான்று வேண்டாத உண்மைபோல வழங்கிவருகின்றது.

இக்கூற்றுத் தமிழுக்கு ஏற்றம் தருவதுபோலத் தோன்றுகின்றது. ஆயினும் அது தொல்காப்பியம் கூறாத ஒன்றை அந்நூலின்மேல் ஏற்றுகின்றது; அந்நூல் கூறிய அரியதொன்றை மறைத்தும் விடுகின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப்படப் பேசுமிடத்து எக்கூற்றும் பொருந்துவதுபோலவே தோன்றும். சிற்றெல்லைக்குள் வைத்து நோக்கும்போதுதான் அதன் உரம் புலப்படும். ஆதலின் புதுச்சேரி வட்டாரத்தின் வில்லியனூர், வாகூர் என்னும் இரு கொம்யூன்களை இவ்வாய்வுக்கு உரைகல்லாகக் கொள்கின்றோம். இதற்குக் காரணம் இரண்டு. ஆறு, ஏரி, வயல், செம்மண்மேட்டின் சாரல், கடற்கரை ஆகிய யாவும் சில கிலோமீட்டர்த் தொலைவிற்குள் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது என்பது ஒன்று. இந்நிலத்தை அடுத்த புதுச்சேரி நகரிலேயே இருபதாம் நூற்றாண்டின் சிறந்த தாவரநிலப் படவரிசை ஒன்று உருப்பெற்றது என்பது மற்றொன்று. பழைய பகுப்பும் புதிய பகுப்பும் எதிரெதிர் நின்று ஒன்றையொன்று விளக்குதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது.

முன்னோர் கருத்துகள்

திணையின் நிலத்தன்மை பற்றி அறிஞர் கூறியவற்றை நால்வகையாகத் தொகுத்துக் காணலாம். பி. தி. சீனிவாச ஐயங்கார் 1929இல் வெளியிட்ட தமிழர் வரலாற்று நூலில், திணை நிலங்களை மனித வாழ்க்கை வளர்ந்த படிகளோடு இயைத்துக் கண்டார். வேட்டை, ஆநிரை காத்தல், மீன்பிடித்தல், உழவு ஆகிய தொழில்கள் அவ்வந்நிலத்தின் இயல்பால் தோன்றின என்பது அவர் கொள்கை. தனிநாயகம் அடிகள் நிலத்தோற்றமும் கவிதையும் பற்றி 1966இல் வெளியிட்ட ஆங்கில நூலில், நிலமே புலவனின் கற்பனைக்கு அடிப்படை என்று விளக்கினார். அடுத்த ஆண்டாகிய 1967இல் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் தம் நூலுக்கு இட்ட பெயரே நிலத்தோற்றம் அகத்தே உள்ளது என்னும் பொருளுடையது. 1974இல் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டைச் சமுதாய, பொருளாதார நோக்கில் ஆராய்ந்தார். தமிழகத்தின் பல பகுதிகளும் ஒரே காலத்தில் ஒரே நிலையில் வளராமையைத் திணை காட்டுகின்றது என்றார்.

இந்நால்வரும் வேறுபட்ட முடிபினராயினும், திணையை அளந்து எல்லையிட்ட நிலப்படம் என்று கொண்டாரல்லர். நிலத்திற்கும் வாழ்விற்கும் உள்ள உறவையே அவரவர் நோக்கில் ஆராய்ந்தனர். பின்வந்தோர் இவர்தம் நூல்களின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, உறவைப் பற்றிய கருத்தை எல்லையைப் பற்றிய கருத்தாக மாற்றிவிட்டனர். திறனாய்விற்கு உரியது இம்மாற்றமே.

இன்றைய மண்டலப் பகுப்பின் இயல்பு

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுமுன் இரண்டன் இலக்கணத்தையும் தனித்தனியே அறிதல் வேண்டும். இன்றைய மண்டலப் பகுப்பு எத்தகையது?

1978இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு வேளாண்சூழல் மண்டலம் என்னும் முறையை வெளியிட்டது. ஓராண்டில் எத்தனை நாள் மண்ணில் பயிர் வளர்தற்குரிய ஈரமும் வெப்பமும் உள்ளன என்று எண்ணி, அந்நாட்களின் தொகையை நிலப்பகுப்பிற்கு அடிப்படையாக்குதல் இம்முறையின் உயிர்நிலை. இந்தியாவில் அன்றைய திட்டக் குழு நாட்டினை 15 வேளாண்-தட்பவெப்ப மண்டலங்களாகப் பகுத்தது. நாகபுரியில் உள்ள தேசிய மண் ஆய்வு நிறுவனம் மண், நிலவடிவு, தட்பவெப்பம், பயிர்வளர் நாட்கள் ஆகிய நான்கையும் சேர்த்து நோக்கி 20 வேளாண்சூழல் மண்டலங்களையும், பின்னர் அவற்றின் உட்பிரிவாக 60 சிறு மண்டலங்களையும் வகுத்தது. கிழக்குக் கடற்கரைச் சமவெளி அவற்றுள் பதினெட்டாவது. புதுச்சேரி வட்டாரம் இதனுள் அடங்கும்.

இப்பகுப்புகளுக்குப் பொதுவான விதிகள் இரண்டு. நிலத்தின் ஒவ்வோர் இடமும் ஏதேனும் ஒரு மண்டலத்துள் அடங்குதல் வேண்டும் என்பது ஒன்று. ஓரிடம் ஒரே நேரத்தில் இரு மண்டலத்திற்கு உரியதாதல் கூடாது என்பது மற்றொன்று. எல்லைக்கோடு இன்றேல் மண்டலம் இல்லை. ஆட்சியாளர் திட்டம் வகுத்தற்கும் விதையும் உரமும் பங்கிடுதற்கும் இவ்வரையறை இன்றியமையாதது. ஆதலின் இதனைக் குறை என்று கொள்ளுதல் பொருந்தாது.

புதுச்சேரியில் உருப்பெற்ற படம்

இவற்றினும் முற்பட்டதும் நம் ஆய்வுக்கு மிகவும் நெருங்கியதும் ஆகிய முயற்சி ஒன்று உண்டு. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. இந்தியவியல் அறிஞர் ழான் பிலியோசா அதன் முதல் இயக்குநர். அதன் அறிவியற் பிரிவு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவையில் இந்தியத் தாவரப் போர்வையின் படங்களை வெளியிடலாயிற்று. குமரிமுனைப் படம் 1961இல் வெளிவந்தது. சென்னைப் படம் அதனைத் தொடர்ந்தது. ஆன்றி கோசேன், பியேர் லெக்ரீசு, மிசேல் வியார் ஆகியோர் இப்பணியில் முன்னின்றவர்கள். அதே நிறுவனத்திலிருந்துதான் 1968இல் பிரான்சுவா குரோவின் பரிபாடல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. ஒரே கூரையின்கீழ் ஒருவர் நிலத்தின் தாவரங்களையும் மற்றொருவர் சங்க நூலையும் ஆராய்ந்தனர். ஆயினும் அவ்விரு துறைகளையும் இணைத்து நோக்கும் பணியைத் தமிழ்த்துறையினராகிய நாம் இன்றுவரை போதிய அளவு மேற்கொள்ளவில்லை.

இப்படங்களின் முறையில் இரண்டு கருத்துகள் நம் கவனத்திற்கு உரியன.

முதலாவது வறள்திங்கள் என்னும் கருத்து. 1953இல் பாஞூல், கோசேன் என்னும் இருவரும் இதற்கு ஓர் எளிய அளவு கூறினர். ஒரு திங்களில் பெய்த மழையின் மில்லிமீட்டர் அளவு, அத்திங்களின் சராசரி வெப்பப் பாகையின் இருமடங்கை விஞ்சாதிருப்பின் அது வறள்திங்கள் எனப்படும். வெப்பம் 30 பாகையாயின், 60 மில்லிமீட்டருக்கு மேற்படாத மழையுடைய திங்கள் வறண்டதே. இவ்வாறு ஓரிடத்தின் வறட்சி அதன் ஆண்டு மழையின் மொத்தத்தால் மட்டும் அளக்கப்படாமல், ஆண்டின் எப்பகுதியில் எத்தனை திங்கள் வறள்கின்றது என்பதாலும் அளக்கப்படுகின்றது.

இரண்டாவது தாவரத் தொடர் என்னும் கருத்து. காடு, புதர்க்காடு, முட்செடி நிறைந்த தரை என்பன தனித்தனி நிலங்கள் அல்ல. ஒரே நிலத்தின் தாவரம் அழிவாலோ மீட்சியாலோ அடையும் பல நிலைகள் அவை. ஆதலின் படத்தில் முட்புதராகக் காணப்படும் இடமும், அது முன்பு எக்காடாக இருந்ததோ, இனி விட்டுவைத்தால் எக்காடாக ஆகுமோ அதன் தொடரிலேயே வைக்கப்படும்.

பெயரொப்புமை தரும் மயக்கம்

இப்படங்களைத் திணையோடு ஒப்பிடப் புகுவோர் முதலிலேயே இடறும் இடம் ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையின் இயற்கைத் தாவரம் உலர் பசுமைமாறாக் காடு. புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களில் அய்யனாருக்கும் அம்மனுக்கும் உரிய கோயிற்காடுகளில் இது சிறுசிறு திட்டுகளாக இன்றும் எஞ்சியுள்ளது. இக்காட்டிற்கு அடையாளமாகத் தாவரவியலார் கொள்ளும் மரங்களுள் முதன்மையானது மணில்காரா எக்சாண்ட்ரா. இதனைத் தமிழர் வழங்கும் பெயர் பாலை. உலக்கைப்பாலை என்பதும் அது. ஈழத்து வன்னியிலும் இதன் பெயர் பாலையே. அதன் இனிய கனி பாலைப்பழம்.

பெயரையே அளவாகக் கொண்டால், நெல் விளையும் வாகூர் நாடு பாலைத்திணைக்கு உரியதாகிவிடும். அன்றியும் அதே காட்டில் காயாவும் குருந்தும் வளர்கின்றன. அவை முல்லைக்கு உரியனவாகச் சங்கப் புலவர் போற்றியவை. ஆகவே ஒரே கோயிற்காடு பெயரால் பாலையாகவும் கருப்பொருளால் முல்லையாகவும், சூழ்ந்த வயலால் மருதமாகவும், வீசும் காற்றால் நெய்தலாகவும் நிற்கின்றது. பாலைத்திணைக்குப் பெயர் தந்த மரம் வெட்பாலையே என்பார் பலர். அது முற்றிலும் வேறொரு மரம். புதுச்சேரி ஆட்சித்துறையில் பணிபுரிந்த பி. எல். சாமி சங்க இலக்கியத்துச் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் உயிரியல் நோக்கில் விளக்கித் தனித்தனி நூல்கள் இயற்றினார். பெயரைக் கொண்டு பொருளைத் துணியாது, பாட்டில் வரும் இயல்பைக் கொண்டு துணிதல் வேண்டும் என்னும் நெறியை அவர் நூல்களால் நாம் கற்றல் கூடும்.

தொல்காப்பியர் வகுத்தது யாது?

இனித் திணையின் இலக்கணத்தை நோக்குவோம். அகத்திணையியலை நிரல்பட ஆராய்வார்க்கு நான்கு செய்திகள் புலனாகும்.

ஒன்று: முதற்பொருள் என்பது நிலம் மட்டும் அன்று, நிலமும் பொழுதும் ஆகிய இரண்டும் கூடியதே முதல். முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் ஓதிய தொல்காப்பியர், மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதை மட்டும் ஓதினார். பொழுதை நீக்கினால் முதற்பொருளில் பாதி ஒழியும். கரும்பலகைப் படத்தில் பொழுதுக்கு இடமில்லை.

இரண்டு: காடு, மலை, தீம்புனல் பாயும் வயல், பெருமணற்பரப்பு ஆகிய நான்கிற்கே அவர் நிலம் கூறினார். நடுவாகிய பாலைக்குப் பொழுது கூறினாரன்றி நிலம் கூறிற்றிலர். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவு கொள்வதைச் சுட்டுகின்றது. ஆகவே பாலை ஓரிடத்தின் பெயர் அன்று. ஓரிடம் அடையும் நிலையின் பெயர். படத்தில் பாலைக்குத் தனி நிறம் தீட்டுதல் இவ்விரு நூல்களுக்கும் மாறானது.

மூன்று: திணை மயங்குதல் விலக்கப்படவில்லை. அன்றியும் ஒரு நிலத்துப் பூவோ புள்ளோ தனக்குரிய நிலமும் பொழுதும் அல்லாத இடத்து வருமாயின், வந்த நிலத்தின் பயனாகவே அதனைக் கொள்க என்பது தொல்காப்பியர் விதி. ஓரிடம் ஒரு மண்டலத்திற்கே உரியது என்னும் இன்றைய விதியோடு இதனை ஒப்பிடுக. இன்றைய விதி மயக்கத்தைப் பிழையாகக் கருதி நீக்கும். பழைய விதி மயக்கத்திற்கு இடம் அளித்து அதற்கும் ஓர் ஒழுங்கு கூறும்.

நான்கு: முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் திணையை இறுதியாக உறுதி செய்வது உரிப்பொருளே. புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் என்னும் மக்கள் ஒழுக்கத்தை எந்நிலப்படமும் குறிப்பதில்லை, குறிக்கவும் இயலாது.

இவ்விடத்து ஒரு தடை எழும். திணை மயங்கும் என்ற தொல்காப்பியரே நிலம் ஒருங்கு மயங்காது என்றாரன்றோ? நிலத்திற்கு எல்லை உண்டு என்பதற்கு இதுவே சான்று ஆகாதோ? ஆகாது என்க. இவ்விதி செய்யுளில் இரு நிலங்களை வேறுபாடின்றிக் கலந்து கூறுதலை விலக்குகின்றது. காடு காடாகவும் வயல் வயலாகவும் அறியப்படுதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. ஒரு காடு எங்கே முடிகின்றது, ஒரு வயல் எங்கே தொடங்குகின்றது என்று அளந்து காட்டுதல் இதன் கருத்து அன்று. பொருள்களின் வேறுபாடு ஒன்று. பரப்புகளின் எல்லை மற்றொன்று. முன்னதை அறிந்தவன் பின்னதை வரைந்தான் என்பதற்குச் சான்று வேண்டும். அகத்திணையியலில் அச்சான்று இல்லை.

நடந்து செல்வானின் அளவை

அங்ஙனமாயின் திணை வெறும் கவிமரபுதானோ எனின், அதுவும் அன்று. புதுச்சேரிக்கு வடக்கே அடுத்துள்ள நிலத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை இதற்குத் தக்க விடை தருகின்றது.

269 அடிகளையுடைய இப்பாட்டில் நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் கூறுகின்றார். முதலில் நெய்தல் சார்ந்த எயிற்பட்டினம், அடுத்து முல்லை சார்ந்த வேலூர், பின்னர் மருதம் சார்ந்த ஆமூர், முடிவில் கிடங்கில். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் ஆய்வாளர் காண்பர். இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டரே. இச்சிறு தொலைவிற்குள் பாணன் மூன்று நிலங்களைக் கடக்கின்றான். நுளையர் மீனும் தேறலும் அளிக்கின்றனர்; எயிற்றியர் புளியிட்ட சோற்றொடு ஆமான் சூட்டிறைச்சி அளிக்கின்றனர்; உழவர் வெண்சோற்றொடு நண்டுக்கறி அளிக்கின்றனர்.

இங்கு இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, திணையின் அளவை நாட்டின் அளவை அன்று; நடந்து செல்லும் ஒருவனின் காலடி அளவை. மலைத்தொடரிலிருந்து கடல்வரை நீளும் பெரும் பட்டைகளாக அன்றி, ஓரூரை அடுத்து மற்றோரூராகவே புலவர் நிலத்தைக் கண்டார். இரண்டாவது, எயிற்றியர் பாலைக்கு உரிய மக்களாக இலக்கணத்தில் பேசப்படுவர். இப்பாட்டில் முல்லை சார்ந்த ஊரில் வாழ்கின்றனர். முல்லை திரிந்து பாலையாதல் என்னும் கருத்து ஏட்டளவில் நில்லாது மக்கள் வாழ்விலும் படிந்திருந்தது என்று இதனால் கருதலாம். ஆகவே புலவர் நிலத்தைக் காணாது மரபை மட்டும் பாடினர் என்பாரும் இப்பாட்டின் முன் தம் கூற்றைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

வில்லியனூரும் வாகூரும்

இவ்விரு முடிபுகளையும் கொண்டு நம் உரைகல்லிற்கு வருவோம். புதுச்சேரி வட்டாரத்தின் பரப்பு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒருசேரக் கிடப்பதன்று. தமிழ்நாட்டு ஊர்கள் இடையிடையே புகுந்து நிற்கப் பல துண்டங்களாகக் கிடப்பது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவையில் ஒரு கிலோமீட்டர் ஒரு மில்லிமீட்டராகும். அவ்வளவையில் வட்டாரம் முழுவதும் மூன்று சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கட்டைவிரல் நகத்தின் அளவே அது. வில்லியனூரும் வாகூரும் அதனுள் நிறம் மாறாத இரு புள்ளிகளாகவே அமையும். நாடு முழுவதையும் நோக்கும் படத்தின் பயன் வேறு. அதனிடம் ஊரைக் கேட்டல் முறையன்று.

ஊரில் நின்று காண்பார்க்கோ காட்சி வேறு. வில்லியனூர் வழியே சங்கராபரணி ஆறு கிழக்கு நோக்கிச் செல்கின்றது. அதற்கு வடக்கே ஊசுட்டேரி; புதுச்சேரி வட்டாரத்தின் மிகப் பெரிய ஏரி அது. அதன் நீர்ப்பரப்பில் ஒரு பகுதி தமிழ்நாட்டைச் சார்ந்தது. அதற்கு அப்பால் வானூர்ப் பக்கத்துச் செம்மண்மேடு. தெற்கே வாகூர் ஏரி. பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் அதற்கு நீர் கொணர்கின்றது. அவ்வேரியின்கீழ் நெல்வயல்கள், அவற்றின் கிழக்கே சில கிலோமீட்டரில் மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் ஆகிய கடற்கரை ஊர்கள். உழவனும் மீனவனும் ஒரே கொம்யூனுக்கு உரியவர். வாகூர் கொம்யூனை மருதம் என்று நிறம் தீட்டினால் அதன் கடற்கரை அழிகின்றது. நெய்தல் என்றால் ஏரி அழிகின்றது.

பொழுதை நோக்கின் செய்தி இன்னும் நுட்பமாகின்றது. இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர். அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கின்றது. இவ்விரு திங்களும் கூதிர். இலக்கணத்தில் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது. மலையே இல்லாத வாகூரில் குறிஞ்சிக்கு உரிய பொழுதிலேதான் ஏரி நிரம்புகின்றது. மறுபுறம், ஆண்டின் முற்பாதித் திங்கள்கள் கோசேன் கூறிய அளவின்படி பெரும்பாலும் வறள்திங்களாக அமைகின்றன. தொல்காப்பியர் பாலைக்கு ஓதிய பின்பனியும் வேனிலும் மாசி முதல் ஆடி வரையுள்ள ஆறு திங்கள். இவ்விரு கணக்கும் முழுதும் ஒன்றல்ல. எனினும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நெல் விளையும் இதே நிலம் ஆண்டில் சில திங்கள் பாலையின் பொழுதைத் தாங்குகின்றது என்று நாம் கூறலாம். கார்த்திகையில் நீர் தளும்பும் ஏரியின் தரை கோடையில் வெடித்துக் கிடப்பதை அங்குள்ளோர் யாவரும் அறிவர். எல்லைக்கோடு இவ்வுண்மையைச் சொல்லாது. பொழுதோடு கூடிய முதற்பொருளே சொல்லும்.

ஊசுட்டேரிக்குப் பனிக்காலத்தில் வேற்று நாட்டுப் புள்ளினங்கள் வருகின்றன. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இப்பறவைகள் எந்நிலத்திற்கு உரியன? பிறந்த நிலத்தை மட்டும் நோக்கினால் அவை இவ்வேரிக்கு அயலாரே. தொல்காப்பியர் விதியோ, வந்த நிலத்தின் பயனாக அவற்றைக் கொள்ளச் சொல்கின்றது. செய்யுட்குக் கூறிய இவ்விதியை இயற்கைக்கும் விரித்துக் காணின், ஓரிடத்தின் இயல்பை அதற்கு வந்து செல்வனவும் சேர்ந்தே ஆக்குகின்றன என்னும் கருத்துப் பெறப்படுகின்றது.

ஏரியின் இடம்

இனி, இவ்விரு பகுப்பிலும் தெளிவான இடம் பெறாத ஒன்று உண்டு. அதுவே இப்பகுதியின் உயிர். ஏரியைத்தான் குறிக்கின்றோம். நாட்டளவான மண்டலப் படம் ஏரியைக் காட்டும் அளவினது அன்று. தொல்காப்பியர் கருப்பொருட் பட்டியலிலும் நீர் பெயர் சுட்டி எண்ணப்படவில்லை. பிறவும் என்னும் சொல்லுள் அடங்கிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நம்பியகப்பொருளே கருப்பொருளைப் பதினான்காக விரித்து, ஊரையும் நீரையும் அவற்றுள் வெளிப்படையாக வைத்தது. மருதத்திற்கு ஆறும் பொய்கையும் மனைக்கிணறும் உரிய நீர்நிலைகளாயின. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தமிழகமெங்கும் ஏரிகளும் குளங்களும் பெருகின என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இலக்கணம் நிலத்தின் மாற்றத்தைப் பின்தொடர்ந்தது என்று இதனால் கருத இடமுண்டு. இஃது ஆராயத்தக்கது.

வாகூருக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், வாகூரிலிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றதை வாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. கல்வி, ஊர்களின் விளைச்சலால் வளர்க்கப்பட்டது. அக்காலத்துத் தமிழ்ச் செப்பேடுகள் பலவற்றில், கொடையாகிய நிலத்தைக் குறிக்குமிடத்து உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் அடங்க என்னும் கருத்துடைய வாய்பாடு பயின்று வரும். உடும்பு ஓடுவது புன்செய். ஆமை தவழ்வது நன்செய். ஆட்சியாவணத்தை எழுதியவனும் நிலத்தை அதில் வாழும் உயிரால் அடையாளம் காட்டினான். எல்லையை வேறாகக் கூறினான். இயல்பை வேறாகக் கூறினான். நாம் கலந்துவிட்ட இரண்டையும் அவன் பிரித்தே வைத்திருந்தான்.

இவ்வாய்வின் பயன்

இவ்வேறுபாட்டை வலியுறுத்துதல் ஏட்டுப் பூசலன்று. வில்லியனூர்ப் பகுதியிலும் வாகூர்ப் பகுதியிலும் நெல்வயல்கள் வீட்டுமனைகளாக மாறிவருகின்றன. நீர் வரும் வாய்க்கால்கள் பல தூர்ந்துள்ளன. ஒரு நிலத்தை எவ்வகையில் வைத்து எண்ணுகின்றோம் என்பதே அதன் வருங்காலத்தை முடிவு செய்கின்றது. கோடையில் வறண்டு கிடக்கும் ஏரித்தரையைக் கண்டு இது பயனற்ற வெளி என்று ஒருவர் எழுதிவிடலாம். பொழுதையும் சேர்த்து நிலத்தை அறிந்த மரபு அவ்வாறு எழுத இடந்தராது. தாவரத் தொடர் என்னும் புதிய கருத்தும், இயல்பு திரிந்து பாலையாதல் என்னும் பழைய கருத்தும் இவ்விடத்து ஒரே திசையைக் காட்டுகின்றன. இன்று காணும் வறுமை நிலத்தின் இயல்பு அன்று; அஃது அடைந்த நிலை; மீளவும் கூடும். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று யாம் கூறவில்லை. இரண்டும் நிலத்தை ஊன்றி நோக்கியதால் விளைந்தவை என்ற அளவே கூறுகின்றோம்.

உலகின் முதல் நிலப்படம் என்று திணையைப் புகழ்வோமாயின், படம் வரையும் துறையினர் அதன் எல்லை எங்கே, அளவை யாது என்று வினவுவர். விடை இல்லாதவிடத்து எஞ்சுவது நகையே. பொழுதும் மயக்கமும் மக்கள் ஒழுக்கமும் சேர்ந்த பகுப்பு இது என்று உள்ளவாறு உரைப்போமாயின், அவர்தம் முறையில் இல்லாத ஒன்றை அவர்க்கு அளித்தவராவோம்.

முதுகலை மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் இதனால் ஒரு பணி காத்திருக்கின்றது. தமிழகம் முழுவதற்கும் ஒரு படம் வரைவதை விடுத்து, ஒவ்வொரு கொம்யூனிலும் ஒவ்வோர் ஊரிலும் வழங்கும் மரம், புள், மீன், நீர்நிலை, மண் ஆகியவற்றின் பெயர்களைப் பொழுதோடு சேர்த்துத் தொகுத்தல் வேண்டும். எத்திங்களில் எப்பறவை வருகின்றது, எவ்வாய்க்காலில் எப்போது நீர் வருகின்றது, கோயிற்காட்டு மரத்தை ஊரார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பன முதியோர் வாய்மொழியில் இன்னும் உள்ளன. தாவரவியல் அறிந்தாரின் துணையோடு அவற்றைத் தொகுத்துப் பாட்டோடு ஒப்பிட்டால், உரையாசிரியர் விட்டுச்சென்ற ஐயங்கள் சிலவற்றிற்கும் விடை கிட்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், திணை எல்லையிட்ட நிலப்படம் அன்று என்பதும், நிலத்தொடு தொடர்பற்ற வெறும் மரபும் அன்று என்பதும், நிலமும் பொழுதும் உயிர்களும் மக்கள் ஒழுக்கமும் ஓரிடத்துக் கூடும் கூட்டத்தை நடந்து செல்வானின் அளவையில் அறியும் முறை என்பதும் பெறப்படும். பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய படம் வாகூரைப் புள்ளியாகக் காட்டும். அஃது அதன் குறையன்று. சிறுபாணாற்றுப்படை வழி நடக்கும் பாணனோ ஒவ்வோர் ஊரிலும் எவர் எவ்வுணவை அளித்தனர் என்பதை அறிவான். இவ்விரு அறிவும் வேண்டப்படுவனவே. ஒன்றன் பெயரை மற்றொன்றற்கு இடாதிருத்தலே ஆய்வாளர் முதற்கண் மேற்கொள்ளத்தக்க நெறி.